செவிலி என்னும் சொல்

மே 12 நெருங்கினால் 'வெள்ளுடைத் தேவதை' பற்றிக் கவிதை கேட்பார்கள். நான் எழுதுவதில்லை. தேவதைக்கு இரவுப்பணி உண்டா, சம்பளம் உண்டா?

2014இல் லிண்டா எய்கென் குழுவினரின் ஆய்வு லான்செட் இதழில் வந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% கூடுகிறது. பட்டம் பெற்ற செவிலியர் 10% கூடினால் அதே 7% குறைகிறது. (இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. ஆனாலும் சும்மா கடந்துபோகிற எண்ணல்ல.)

அன்பை யாரும் அளக்கவில்லை. ஆளையும் படிப்பையும் அளந்தார்கள். நாமோ செவிலித்தாயிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டு தாய்மையை மட்டும் பிடித்துக்கொண்டோம். தாய் கணக்குக் கேட்கமாட்டாள், வசதிதான்.

தொல்காப்பியக் களவியல் செவிலியைத் தாய் என்பதற்குச் சொல்லும் காரணம் பாலோ பாசமோ அல்ல. அரிய மறைபொருளைப் பேசுவதற்கு உரியவள் என்பதே. வகுப்பில் இந்த நூற்பாவைப் பல ஆண்டுகள் அவசரமாகக் கடந்திருக்கிறேன். பணிமாறும் வேளையில் நோயாளியின் இரவை அடுத்தவளிடம் சொல்லி ஒப்படைப்பவள் செய்வதும் அத்தகைய பேச்சுதான். அதற்குப் படிப்பு வேண்டும். வார்டுக்கு ஒருத்தி என்றால், பேச நேரமும் இருக்காது.