செகாவின் நோயும் கதைமாந்தர் சாவும்

நோய் புலமைக்கு உரமாகும் என்பார் உளர். உருசிய எழுத்தாளர் அந்தோன் செகாவை அதற்குச் சான்றாகக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அவர் எழுத்திற் காணும் துயரச் சாயலுக்கெல்லாம் காசநோயே காரணம் எனக் கூறிவிடுதல் எளிது; ஆயின், அஃது ஆராய்ச்சி ஆகாது.

செகாவ் மருத்துவர். பட்டம் பெற்ற 1884-ஆம் ஆண்டிலேயே குருதி கக்கினார். எனினும் அதனைக் காசநோய் என ஒப்பவில்லை. 1897-இல் மாஸ்கோ மருத்துவமனையிற் சேர்ந்த பின்னரே நோய் ஐயமற உறுதிப்பட்டது. தம் நோயை ஒப்பாதிருந்த அப் பதின்மூன்று ஆண்டுகளில்தான் காசநோயாளர் அவர் கதைகளின் நடுவிடத்தைப் பெற்றனர். 'பெயரிலி ஒருவன் கதை' (1893) என்பதைக் கூறுவோனே காசநோயாளன். 'கருந்துறவி' (1894) கோவ்ரினது உள்ளத்தின் உள்ளிருந்தே அவன் குருதி கக்கி மடிதலைக் காட்டுகின்றது.

நோய் உறுதிப்பட்டபின் இந்நிலை மாறியது. அவர்தம் இறுதிச் சிறுகதையாகிய 'மணமகள்' 1903-இல் வெளிவந்தது. மணவுறுதியை முறித்துக் கல்வி நாடிச் செல்லுமாறு நாத்யாவைத் தூண்டிய சாஷா, சாராத்தவ் நகரிற் காசநோயால் இறக்கின்றான். அச் சாவு நம் கண்முன் நிகழவில்லை. ஒரு தந்தியாக வீடு வந்து சேர்கின்றது. நாத்யா நெடுநேரம் சிந்திக்கின்றாள். மறுநாட் காலையில் மகிழ்வும் ஊக்கமும் உடையவளாய் ஊரைவிட்டு நீங்குகின்றாள். கையறுநிலைப் பாடல்களில் தோய்ந்த நமக்கு இச் சுருக்கம் கொடிதாகவே தோன்றும். அதே நோயால் நலிந்து கிடந்தவர் இறப்பவனுக்கு ஒரு தந்தியும், வாழ்பவளுக்குக் கதை முழுவதும் வழங்கினார் என்பதே ஈண்டுக் கருதற்பாலது. முதிர்ந்த கலைஞரின் சொற்செட்டு இது எனச் சிலர் மறுக்கலாம். எனினும், 'பேராயர்' (1902) கதையிலும், இறந்தவரை மக்கள் விரைவில் மறந்துவிடுகின்றனர். அவர் தன் மகன் எனத் தாய் கூறுவதைச் சிலர் நம்புவதும் இல்லை. இருமுறை நேர்வதை வெறுஞ்சொற்செட்டு எனத் தள்ள இயலாது.

நோய் பறித்தவையும் பல. யால்த்தாவில் 'செர்ரித் தோட்டம்' எழுதுங்கால் நாளொன்றுக்குச் சில வரிகளே இயன்றன. 1904 சனவரியில் அந்நாடகம் அரங்கேறியது. சூலையில், தம் 44-ஆம் அகவையில், அவர் மறைந்தார். இந்நாடகமோ மேற்கூறிய முறையினின்று விலகுகின்றது. முதிய பணியாளன் பீர்ஸ் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டுவிட்டான் என்றெண்ணி, அனைவரும் வீட்டைப் பூட்டிச் செல்கின்றனர். வாழ்வோர் போயினர்; மறக்கப்பட்ட நோயாளன் மட்டும் அரங்கில் தனியே கிடக்கின்றான். இதனை இன்பியல் நாடகம் என்றே செகாவ் வற்புறுத்தினார். அரங்கேற்றிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அதற்கு உடன்படவில்லை.