மண்டேலா ஏன் மனு போடவில்லை?

மடோன் அஸ்வினின் 'மண்டேலா' படத்தை இதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். 2021 ஏப்ரலில் வெளியானபோது புக்கிட் மேரா வீட்டுக் கூடத்தில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தது முதல் முறை. விழுந்து விழுந்து சிரித்தோம். ரெண்டாவது தடவை தனியாக, மடிக்கணினியில். அப்போது சிரிப்பு குறைவு. போன மாதம் மூன்றாவது முறை பார்த்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். படத்தின் மேல் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. அந்தப் புகாரில் பாதி என் மேலேயே என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சூரங்குடி என்ற ஊரில் வடக்கூர், தெற்கூர் என்று இரண்டு பிரிவு. பொதுக் கழிப்பறை கட்டினால்கூட அதில் யார் முதலில் போவது என்று வெட்டுக்குத்து ஆகும். ஊர்ப் பெரியவர் சமாதானத்துக்காக இரண்டு பக்கமும் பெண் எடுத்தவர். அவருடைய இரண்டு மகன்களும் ஊராட்சித் தலைவர் தேர்தலில் எதிரெதிராக நிற்கிறார்கள். தலையை எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம். அந்த நேரத்தில், பேர்கூட இல்லாமல் மரத்தடியில் கிடக்கும் முடிதிருத்துகிறவருக்கு வாக்காளர் அட்டை வந்து சேர்கிறது. ஒரே ஒரு ஓட்டு. ஊரே அவர் காலடியில்.

என் தொழில் பொறியியல். ஒரே ஒரு உறுப்பு பழுதானால் மொத்தமும் நின்றுபோகும்படி எதையும் வடிவமைக்காதே என்பது எங்களுக்கு முதலாண்டுப் பாடம். இந்தப் படம் வேண்டுமென்றே அப்படி வடிவமைக்கப்பட்டது. சட்டப்படி பார்த்தால், உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு சமமாக வந்தால் குலுக்கல் போட்டு முடித்துவிடுவார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் படம் ஓடாது. இது நீதிக்கதை. அதில் எனக்குக் குறையே இல்லை.

படத்தின் ஆகச் சிறந்த பகுதி, என்னைப் பொறுத்தவரை, ஓட்டுக்கு முன்னால் வருகிறது. சேமிப்புக் கணக்குத் தொடங்க அஞ்சலகத்துக்குப் போகிறார் அந்த மனிதர். பேர் என்ன என்று கேட்கிறார்கள். ஊர் கூப்பிடும் ஏளனப் பேர்கள்தான் கைவசம் இருக்கின்றன, விண்ணப்பத்தில் எழுதும்படி ஒன்றுமில்லை. அங்கே வேலை பார்க்கும் தேன்மொழி யோசித்து யோசித்து 'நெல்சன் மண்டேலா' என்று வைக்கிறார். யோகி பாபு அந்தப் பேரை முதன்முதலாக வாயில் போட்டுப் பார்க்கும் விதம் இருக்கிறதே, சூடான பதார்த்தத்தை நாக்கில் புரட்டுவது மாதிரி. காசைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று வந்தவர் குடிமகனாகித் திரும்பிப் போகிறார். பேர், பிறகு அட்டை, பிறகு ஓட்டு, பிறகுதான் மரியாதை. இந்த வரிசையை இவ்வளவு லேசாகச் சொன்ன இன்னொரு தமிழ்ப்படம் எனக்குத் தெரியவில்லை. அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் வசனத்துக்கான தேசிய விருதும் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

என் சந்தேகம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. வாக்காளர் பட்டியலில் பேர் இருந்து, 21 வயது நிரம்பியவர் யாரும் ஊராட்சித் தேர்தலில் வேட்புமனு போடலாம். ஊரே ஒரு ஓட்டுக்காகத் தவம் கிடக்கும்போது, "நானே நிக்கிறேன்" என்று மண்டேலா ஒரு தடவை, விளையாட்டுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்வதில்லை. தேன்மொழிக்கும் தோன்றுவதில்லை. பார்க்கிற நமக்கும் தோன்றுவதில்லை, அதுதான் விஷயம். பிற்பாதியில் அவர் தனக்காகக் கேட்பதை விட்டு ஊருக்காகக் கேட்கத் தொடங்கும்போது கைதட்டுகிறோம். ஆனால் அப்போதும் அவர் கேட்கிறவர்தான். கொடுக்கிற இடத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் அங்கே நிற்பது ஊரில் மலை நிற்பது மாதிரி இயற்கையான காரியமாகப் படத்தில் இருக்கிறது. வடக்கூர் தெற்கூர் தவிர மூன்றாவதாக ஒரு தெருவுக்கும் கதையில் இடமில்லை.

நீதிக்கதையிடம் போய் வரலாறு கேட்பதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் தமிழ்நாட்டு ஊராட்சித் தேர்தல்களின் வரலாற்றில் ரத்தம் சிந்தியது பெரும்பாலும் யாருக்கு ஓட்டு என்பதற்காக அல்ல. யார் நிற்பது என்பதற்காக. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்துக்குப் பிறகு 1996-இல் முதல் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே எல்லாருக்கும் ஓட்டு இருந்தது. வேட்பாளர்தான் இல்லை. மனு போட ஆள் வராது, வந்தால் மிரட்டல், மீறி ஒருவர் ஜெயித்தால், ஆதிக்க சாதியினர் நிறுத்திய அந்த ஆள் உடனே ராஜினாமா செய்துவிடுவார். இப்படியே பத்து வருஷம். 2006 அக்டோபரில்தான், உதயச்சந்திரன் மதுரை ஆட்சியராக இருந்தபோது, அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். சென்னையில் அதற்குச் 'சமத்துவப் பெருவிழா' எடுத்தார்கள்.

மேலவளவில் பத்து வருஷம் காத்திருக்கவில்லை. முருகேசன் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியரைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து அவரையும் மற்ற ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை ஆனார்கள்.

அதற்கு அடுத்த மாதம் நான் அந்தப் பக்கத்து ஊரில் இருந்தேன்.

என் அப்பாவின் ஊர் மேலூர் வட்டாரம். பேரைச் சொல்லவில்லை. 2019 டிசம்பர், பல்கலைக்கழக விடுமுறை. 27, 30 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். அந்த முறை எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று வந்திருந்தது. கலவரம் எதுவும் இல்லை, யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஒரு சாயங்காலம் பெரியப்பா வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசினார்கள். "நம்ம ஆளா பாத்து நிறுத்திருவோம், வம்பு இல்லாம போயிரும்" என்றார் பெரியப்பா. எங்கள் வயலில் வேலை பார்ப்பவரின் மனைவி பேர் வந்தது. அவரை முற்றத்துக்கு அழைத்துச் சொன்னார்கள். தலையாட்டினார். பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது மாதிரி ஒரு தலைவர் பதவியை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தவன் நான். அவருக்கு வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாக்களிக்கும் நாளன்று வேடிக்கை பார்க்கப் போனேன். ஆளுக்கு நாலு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். மின்னணு இயந்திரம் கிடையாது, பெட்டிதான். ஜனநாயகத்தின் அழகைப் பற்றி நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். அதை இன்னும் அழிக்கவில்லை, வெட்கத்தோடு வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்து முதல் தடவை அவ்வளவு சிரித்தேனே, அதுவும் இந்த வகை உற்சாகம்தான். யோகி பாபுவிடம் ஊர்க்காரர்கள் குழைவதைப் பார்த்துச் சிரித்தோம். எங்கள் முற்றத்தில் யாரும் குழைய வேண்டியிருக்கவில்லை. காரியம் அதற்கு முந்தின கட்டத்திலேயே முடிந்திருந்தது.

ஹிந்தித் தொடர் 'பஞ்சாயத்'தும், அதன் தமிழ் வடிவமாக 2024-இல் வந்த 'தலைவெட்டியான் பாளையம்' தொடரும் இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் தொடுகின்றன. ஜெயித்தது மனைவி, ஆள்வது கணவர். நல்ல நகைச்சுவை. ஆனால் அங்கே அதிகாரம் ஒரே வீட்டுக்குள் சமையலறைக்கும் திண்ணைக்கும் நடுவில் போய் வருகிறது, அதனால் சிரிக்க முடிகிறது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் இருந்தவர்கள் தேர்தலில் தோற்றவர்கள்கூட இல்லை. கூட இருந்த வார்டு உறுப்பினர்கள்.

சிங்கப்பூருக்கு வருகிறேன். அப்பா இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, குடியுரிமை வாங்கி இருபது வருஷத்துக்கு மேல். எங்கள் புளோக் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் வருகிறது. 1991 முதல் 2011 வரை ஐந்து பொதுத்தேர்தலிலும் அங்கே போட்டியே இல்லை. 2011-இல் எதிரணி ஒன்று மனுவோடு வந்தது, 35 வினாடி தாமதம், மனு ஏற்கப்படவில்லை. ஆக, அப்பா பொதுத்தேர்தலில் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 2015-இல். கட்டாய வாக்களிப்பு உள்ள நாட்டில்! (அதிபர் தேர்தல் 2011-இல் நடந்தது, அது வேறு கணக்கு.) உள்ளாட்சிக்கென்று தனித் தேர்தலும் இங்கே கிடையாது. 1957 டிசம்பரில் 32 இடங்களுக்கு நகர மன்றத் தேர்தல் நடந்தது, 1959-இல் அந்த மன்றமே போய்விட்டது. இப்போதுள்ள நகர மன்றங்களை நடத்துவது நாடாளுமன்ற உறுப்பினர்கள். மின்தூக்கி நின்றுபோனால் யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியும், அதற்கென்று தனியாக ஓட்டு போட்டதில்லை.

பாப்பாபட்டியையும் தஞ்சோங் பகாரையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அரிவாளும் 35 வினாடியும் ஒன்றல்ல. நான் சொல்ல வருவது சின்ன விஷயம். நிற்க ஆள் இருந்தால்தான் ஓட்டு என்ற ஒன்றே தொடங்குகிறது என்று, ஓட்டுச்சீட்டுக்காக அத்தனை வருஷம் காத்திருந்த அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். 2020 ஜூலையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு நான் முதல் ஓட்டுப் போடப் போனபோது, வரிசையில் என்னைவிட அவர்தான் குஷியாக நின்றார். அதே மனிதர்தான் 2019-இல் ஊரிலிருந்து நான் தொலைபேசியில் முற்றத்துப் பேச்சைச் சொன்னபோது, "அண்ணன் நல்ல முடிவு எடுத்திருக்காரு" என்றார். இதை அவர்கிட்டயே சொல்லிக் காட்டினேன். பதில் சொல்லவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டினார்.

2023-இல் ஊருக்குப் போனபோது ஊராட்சித் தலைவரின் முத்திரை பெரியப்பா வீட்டு பீரோவில் இருந்தது. கையெழுத்து வேண்டியிருந்தால் அந்த அக்கா வருவார், வாசலில் நின்று போட்டுவிட்டுப் போவார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். "இருக்கட்டும் சின்னய்யா" என்று நின்றுகொண்டே போட்டார். அந்த மூன்றரை வருஷத்தில் அவர் என்னென்ன படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார், எதையெல்லாம் படிக்காமல் இட்டார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது என் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மண்டேலா கதையில் எனக்குக் குறையாகப் பட்டதை இந்த அக்காவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். மண்டேலாவிடம் ஓட்டு இருந்தது, பதவி பற்றிய நினைப்பே இல்லை. அக்காவிடம் பதவியே இருந்தது, அதுவும் கைமாற்றாகத்தான். ஓட்டை விற்காத ஏழையைக் காட்டினால் நாம் நெகிழ்ந்துபோகிறோம். நம் தயவில்லாமல் நிற்கிற ஏழையைக் காட்டும் படத்துக்கு, அதுவும் நகைச்சுவைப் படத்துக்கு, நாம் டிக்கெட் எடுப்போமா என்று தெரியவில்லை. மடோன் அஸ்வினால் அதை எடுக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். அஞ்சலகக் காட்சியை எடுத்தவர் அவர்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். முத்திரையும் பீரோவை விட்டுப் போயிற்று. போன மாதம் படத்தைப் பார்த்து முடித்த இரவு அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன், அடுத்த தேர்தல் வந்தா நிப்பீங்களாக்கா என்று. மறுநாள் காலை, ரெட்ஹில் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது பதில் வந்தது. பின்னால் ஆட்டுக்குட்டி கத்துகிறது. முதல் தடவையாகச் சின்னய்யா என்று சொல்லவில்லை.

"தம்பி, மனுப் பாரம் எங்க வாங்கணும்? போன தடவ அவுகளே வாங்கியாந்துட்டாக. உங்க பெரியப்பாகிட்டக் கேட்காம, வேற யாருகிட்டயாச்சும் கேட்டுச் சொல்லுங்க."