டேட்டா சோர்ஸ் ஸ்கிரிப்ட் சொல்லும் 'சக்சஸ்'

அப்ளிகேஷன் சர்வரில் டேட்டாபேஸ் இணைப்பை உண்டாக்க, கன்சோலில் திரை திரையாகக் கிளிக் செய்வதைவிட ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுவது நல்லது. அதில் எனக்குச் சண்டையில்லை. ஓடி முடித்ததும் அது சொல்லும் பதில் உண்மையா என்பதுதான் கேள்வி. கோவில்பட்டிப் பக்கம் பி.இ. முடித்துவிட்டு மிடில்வேர் சப்போர்ட்டில் சேர்கிற பிள்ளைகள் கையில் ஒரு பழைய ஸ்கிரிப்ட்டைத் திணித்துவிடுகிறார்கள். ராத்திரி ஷிப்டில் எர்ரர் இல்லாமல் ஓடியது என்று டிக்கெட்டை மூடுவார்கள். காலையில் அப்ளிகேஷன் எழுந்திருக்காது. திட்டு யாருக்கு விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் வெப்லாஜிக். 2008இல் பி.இ.ஏ.வை ஆரக்கிள் வாங்கியபோது கூடவே வந்த சர்வர் இது. இதன் ஸ்கிரிப்ட் கருவி டபிள்யூ.எல்.எஸ்.டி., ஜாவா மேல் ஓடும் பைத்தானான ஜைத்தானில் ஆனது. டேட்டா சோர்ஸின் ஒரு அமைப்பைத் தொட, அதன் பெயரை ஒரே பாதையில் மூன்று முறை எழுத வேண்டும். அதையாவது மன்னிக்கலாம். 'டார்கெட்' கொடுக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்? சேவ் ஆகும், ஆக்டிவேட்டும் ஆகும், எர்ரரே வராது. ஆனால் டேட்டா சோர்ஸ் எந்த சர்வரிலும் இறங்கியிருக்காது. காகிதத்தில் மட்டும் இருக்கும் கண்மாய் மாதிரி.

இன்னொன்று 'இனிஷியல் கெபாசிட்டி'. தொடக்கத்தில் எத்தனை இணைப்புகளைத் திறந்து வைப்பது என்ற எண். இது 1 என்றிருந்தால், டேட்டாபேஸ் கிடைக்காதபோது ஆக்டிவேட் சத்தம் போட்டு நின்றுவிடும். நியாயமான சத்தம். அந்தத் தொல்லை வேண்டாமென்று பலர் 0 போட்டுவிடுகிறார்கள். அப்போது யாரும் டேட்டாபேஸ் கதவைத் தட்டுவதேயில்லை. பாஸ்வேர்ட் தப்பாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் பாஸ். எங்கள் கரிசலில் மழைக்கு முன்னாடியே புழுதியில் விதைப்பதுண்டு. ஆனால் விதைத்தவர், முளைத்துவிட்டது என்று அன்றைக்கே ஊருக்குச் சொல்ல மாட்டார்.

சோதிக்க வழியில்லாமல் இல்லை. ஓடுகிற சர்வரின் ரன்டைம் பக்கம் போய் டெஸ்ட்பூல் கூப்பிடலாம். இணைப்பு சரியென்றால் அது வெறும் 'நல்' திருப்பித் தரும். தப்பென்றால்தான் வாயைத் திறக்கும். புதுசாக வருகிறவர் 'நல்'லைப் பார்த்துப் பயப்படாமல் என்ன செய்வார்?

ஐ.பி.எம். வெப்ஸ்ஃபியரின் டபிள்யூ.எஸ்.அட்மின் இதில் ஒரு படி மேல். டெஸ்ட்கனெக்ஷன் என்று நேரடியாக ஒரு கட்டளை இருக்கிறது. சேவ் செய்யாமல் ஸ்கிரிப்ட் முடிந்தால் மாற்றங்கள் போய்விடும் என்றாலும், ஒரு எச்சரிக்கை வரியாவது வரும். ஆனால் பாஸ்வேர்டை வைத்திருக்கும் லட்சணம்! 'எக்ஸ்ஓஆர்' என்ற முன்னொட்டோடு கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைப்பதை மறையாக்கம் என்று சிலர் நம்புகிறார்கள். ஒவ்வொரு எழுத்தையும் அண்டர்ஸ்கோரோடு கலக்கிப் பேஸ்64இல் போடுவது மட்டும்தான் அது. இரண்டு வரி நிரலில் திரும்ப எடுத்துவிடலாம். அந்த ஃபைலை மெயிலில் அனுப்புவது பாஸ்வேர்டையே அனுப்புவதுதான்.

மூன்றில் எனக்குப் பிடித்தது ஜேபாஸின் சி.எல்.ஐ. 2011இல் ஏழாம் பதிப்போடு வந்தது. சமூகப் பதிப்பின் இன்றைய பெயர் வைல்ட்ஃபிளை. டேட்டா சோர்ஸைச் சேர்க்க ஒரே வரி, பூலைச் சோதிக்க இன்னொரு வரி. சோதனையின் பதிலில் சக்சஸா ஃபெயிலா என்று பச்சையாக எழுதியிருக்கும். குறை என்னவென்றால், அதே ஸ்கிரிப்ட்டை இரண்டாம் முறை ஓட்டினால் ஏற்கெனவே இருக்கிறது என்று முரண்டு பிடிக்கும். ஆகவே இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும் இஃப் நிபந்தனையை நாமேதான் எழுத வேண்டும். நான்கைந்து வரி கூடுதல் வேலை. வெப்லாஜிக்கில் பாதியில் செத்த ஸ்கிரிப்ட் விட்டுப்போன எடிட் லாக்கை நடுராத்திரியில் தேடி அவிழ்ப்பதோடு ஒப்பிட்டால், இது எனக்கு வேலையாகவே தெரியவில்லை.