முழுகாமல் இருத்தல்

வருகிற ஜனவரியில் அந்தமான் போகிறேன், ஸ்கூபா முறையில் கடலுக்குள் மூழ்கிப் பார்க்க. சென்னையிலிருந்து விமானத்தில் ஸ்ரீ விஜயபுரம் (2024வரை போர்ட் பிளேர்), அங்கிருந்து கப்பலில் ஸ்வராஜ் தீவு என்னும் ஹேவ்லாக். கல்லூரியில் விடுப்புச் சொல்லியாயிற்று. மூழ்குமுன் நிரப்ப வேண்டிய மருத்துவப் படிவமும் வந்துவிட்டது. ஆஸ்துமா உண்டா, காதில் கோளாறு உண்டா, வயது 45ஐத் தாண்டிவிட்டதா என்று கேள்விகள். பெண்களுக்கென்று தனியாக ஒரு குறிப்பு: கருவுற்றிருந்தால் மூழ்க வேண்டாம்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "முழுகாம இருக்கறவ முழுகக் கூடாதாமா? இதச் சொல்ல ஒரு படிவமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். இந்தச் சொல்லை ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

விலக்கு முடிந்தால் தலைமுழுகுவது. கருவுற்றதும் அது நின்றுபோவதால் 'முழுகாமல் இருப்பது'. சாவு வீட்டிலிருந்து வந்து தலைமுழுகுவது. வீட்டுக்குப் பிடிக்காதவனோடு போன மகளை ஒரேயடியாகத் 'தலைமுழுகுவது'. பெண்ணைச் சுற்றியுள்ள முழுக்குகள் எதையோ கழுவித் தள்ளுகின்றன, அல்லது அவளுடைய கருப்பைக்குக் கணக்கு வைக்கின்றன. 'குளித்தல்' என்ற சொல்லுக்கும் ஆழத்தில் மூழ்குதல் என்ற பொருள் உண்டு. 'முத்துக்குளித்தல்' என்பதில் அது இன்னும் இருக்கிறது. கொற்கைக் கடலில் ஆண் குளித்தால் முத்தோடு வருகிறான். வீட்டில் பெண் குளித்தால் 'சுத்தமாகி' வருகிறாள். வினை ஒன்றுதான், பலன் வேறு.

சொல்லில் இருப்பது இலக்கியத்திலும் இருக்கிறது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அந்தப் பெண்கள் கடலை அறியாதவர்கள் அல்லர். தோழியரோடு அலையில் ஆடுகிறார்கள், காயும் மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டுகிறார்கள், உப்பு விற்கிறார்கள். ஆனால் ஆழம் அவர்களுடைய தந்தையருக்கு. அவர்களுக்குக் கரை.

சிலப்பதிகாரத்தில் 'கடலாடு காதை' என்றே ஒரு பகுதி உண்டு. மாதவியின் கூந்தல் நறுநீரில் ஆட்டப்படுவதையும், கால்விரலிலிருந்து தலைவரை அவள் அணிகிற நகைகளையும் இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். கடற்கரைக்கு வந்ததும் புன்னை நிழலில், திரைக்குள் கோவலனோடு அவளை அமர்த்திவிடுகிறார். அடுத்துக் கானல்வரி. அவள் யாழெடுத்துப் பாடுகிறாள். கோவலன் அந்தப் பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுந்து போகிறான். கடல் பார்க்க ஆசைப்பட்டவளுக்குக் கிடைத்தது பிரிவு.

கண்ணகிக்கும் ஒரு முழுக்கு முன்வைக்கப்படுகிறது. சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய பொய்கைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு சேரலாம் என்கிறாள் தேவந்தி. கண்ணகி மறுக்கிறாள். இதைக் கற்பின் பெருமையாகவே வகுப்பில் நடத்தி வந்தேன். காப்பியம் சொல்லும் காரணமும் அதை ஒட்டியதுதான். ஆனால் கணவனுக்காக மட்டும் தரப்பட்ட ஒரு முழுக்கை ஒரு பெண் வேண்டாம் என்று சொன்ன இடமாகவும் அதைப் படிக்கலாம். இனி அப்படியும் நடத்துவேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, ஆழத்துக்குப் போகும் முதல் தமிழ்ப் பெண் நான்தான் என்பதுபோல நிமிர்ந்துகொண்டால் அது பொய். பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். முதுகில் உருளை கிடையாது, அடக்கிய மூச்சுத்தான். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் தீவுகள் தேசியப் பூங்காவாக்கப்பட்டபின், தங்கள் கடலுக்குள் இறங்குவதற்கே வாதாட வேண்டியவர்களானார்கள். நான் பணம் கட்டிப் பார்க்கப் போகும் ஆழம் அவர்களுக்கு அன்றாடம். நெய்தல் பற்றி நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை எதிலும் அவர்கள் இல்லை. அது அவர்களுடைய குறை அல்ல.

எனக்கும் ஒரு கிணறு இருந்தது. பன்னிரண்டு வயதுவரை அண்ணனோடு மோட்டார் கொட்டகைமேல் ஏறி அதில் குதித்தேன். வயதுக்கு வந்த மறுநாள் எனக்கு அது நின்றது, அண்ணனுக்கு நிற்கவில்லை. முதல்முறை மூழ்குகிறவர்களைப் பயிற்சியாளர் 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப் போவதில்லை. நீச்சல்கூடக் கட்டாயமில்லை என்றார்கள். நிம்மதிதான். இருந்தாலும் இப்போது வாரம் மூன்று நாள், பெண்களுக்கான நேரத்தில், நீச்சல் குளத்துக்குப் போகிறேன். கை கால் மறக்கவில்லை. முகம் மட்டும் தண்ணீருக்குள் போக முப்பது ஆண்டுத் தயக்கம் காட்டுகிறது.

ஸ்கூபாவில் முதல் விதி, மூச்சை அடக்கக் கூடாது என்பது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். "மூச்சுக் காட்டாதே" என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒருத்தி இந்த விதியைப் பழக நாளாகும். பழகிக்கொண்டிருக்கிறேன்.

மூழ்கியபின் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும். அதனால் கடைசி நாளைக் காலியாக வைத்திருக்கிறேன். அன்று முழுவதும் கரையில் உட்கார்ந்திருப்பேன், யாருடைய வரவுக்காகவும் அல்லாமல்.