கண்ணுக்கு மட்டுமா வலைத்தளம்?

வலைத்தளம் ஒன்றை மதிப்பிடுவோர் அதன் வண்ணத்தையும் படங்களையும் அமைப்பின் எழிலையும் பாராட்டி அமைகின்றனர். கண்ணுக்கு இனியதே சிறந்தது என்பது அவர்தம் அளவுகோல். அவ்வளவுகோல் எத்துணைக் குறையுடையது என்பதை ஒரு சான்று கொண்டு ஆராய்வோம்.

2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அவற்றிற்கெனத் தனி வலைத்தளம் ஒன்றை அமைப்புக் குழுவினர் நடத்தினர். அந்நாட்டவரான புரூஸ் மகுவயர் பார்வையற்றவர்; திரையில் உள்ள எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றித் தரும் கருவியால் கணினியைப் பயன்படுத்துபவர். அத்தளத்தில் பல இடங்களில் அவர் வழியறியாது நின்றார். படங்கள் பலவற்றுக்கு, அவை இன்னவை என்று கூறும் மாற்றுரை இல்லை. நிகழ்ச்சி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலை அடையவும் அவருக்கு வழியில்லை. 1999 ஜூன் மாதம் அவர் மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார்.

குழுவினர் கூறிய மறுப்பு நம் ஆராய்ச்சிக்கு உரியது. தளத்தைத் திருத்தப் பெரும்பொருளும் நெடுங்காலமும் வேண்டும் என்றனர். ஆணையம் அதனை ஏற்கவில்லை. இது வேற்றுமை காட்டும் செயலே என 2000 ஆகஸ்டு 24ஆம் நாள் தீர்ப்பளித்து, போட்டிகள் தொடங்கும் செப்டம்பர் 15க்குள் திருத்துமாறு பணித்தது. முழுதும் திருத்தப்படாமையால் நவம்பரில் 20,000 டாலர் இழப்பீடு விதித்தது.

மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு என்பார் உளர். கட்டி முடித்த வீட்டின் சுவரை இடித்து வாயில் வைப்பது செலவுதான். ஆயின் அச்செலவு யாருடைய குற்றத்தைக் காட்டுகிறது? வாயிலின்றிக் கட்டியவன் குற்றத்தையன்றோ? வழிகாட்டி இல்லை என்றும் கூறவியலாது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 மே மாதமே நெறிமுறைகளை வெளியிட்டிருந்தது. படம் முதலியவற்றுக்கு எழுத்துரை தருக என்பதே அவற்றுள் முதல் விதி. ஒரு படத்துக்கு ஒரு வரி எழுதுவது எளிய வேலை. அவ்வரி இல்லையேல் பார்வையற்றவருக்கு அப்படமே இல்லை. வழக்கில் வென்றாலும், கடந்துபோன போட்டி நாட்களை இழப்பீடு மீட்டுத் தருமா?

இக்குறை அயலாரிடம் மட்டும் உள்ளதன்று. தமிழ்த் தளங்களை நோக்குவோம். கூட்ட அழைப்பிதழைப் படமாக மட்டும் இடுவோர் பலர். பழைய நூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றி அமைவோரும் பலர். கண்ணுடையார்க்கு அது தமிழ். திரையைப் படித்துக் குரலாகத் தரும் மென்பொருளுக்கு அது வெறும் படம். ஒருங்குறிக்குப் புறம்பான பழைய எழுத்துருக்கள் பலவற்றில், திரையில் தமிழாகத் தோன்றுவது கணினிக்குள் ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். மென்பொருள் அதனைப் பொருளற்ற ஒலிகளாகவே படிக்கும். ஒருங்குறியில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவச மென்பொருள் தமிழையும் வாய்விட்டுப் படிக்கும். கருவி உண்டு, கருத்தே இல்லை.

ஆகவே, எழில் எத்துணை என்பது இரண்டாம் வினா. யார் யார் உள்ளே வரலாம் என்பதே முதல் வினா. காணாதவர் படிக்கவும், கேளாதவர் பேச்சை எழுத்தில் அறியவும், சுட்டியைப் பிடிக்க இயலாதவர் விசைப்பலகையால் செல்லவும் இடமுண்டா என்று வினவுக. தமிழ்த் தளம் நடத்துவோர் அடுத்த அழைப்பிதழை இடும்போது, படத்தின் கீழே அதன் செய்தியையும் எழுத்தில் இடுவார்களாக.