பொழுதுபோக்கு என்னும் விலைக்குறைப்பு

பெண்கள் பத்திரிகைகளில் பல ஆண்டுகளாக ஒரே கட்டுரை வந்துகொண்டிருக்கிறது. படமும் ஊரும் மாறும், கட்டுரை மாறாது. திருமணத்துக்குப் பின் வேலையை விட்ட ஒரு பெண், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் கிடைத்த ஓய்வு நேரத்தில், ஆசையாகச் செய்துவந்த ஒன்றைத் தொழிலாக்குகிறார். முதல் ஆர்டர் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. கணவரின் ஒத்துழைப்பைப் பற்றி ஒரு வரி தவறாமல் இருக்கும். மாத வருமானம் என்று ஒரு தொகையும் இருக்கும். அந்தத் தொகைக்காக அவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பது மட்டும் நான் படித்தவற்றில் எதிலும் இல்லை.

இந்தக் கட்டுரைகளை எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா அவற்றை வெட்டி வைத்திருப்பார். ஒரு பெண்ணின் கையில் அவள் சம்பாதித்த பணம் சேருவதைப் படிப்பதில் ஒரு நிறைவு உண்டு. என் சண்டை 'ஓய்வு நேரம்' என்ற சொல்லோடுதான். 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் போக மிஞ்சுவது, அதுவும் குக்கர் விசிலுக்கும் வாசல் மணிக்கும் நடுவே துண்டு துண்டாகக் கிடைப்பது, ஓய்வு ஆகிறது. அந்த ஓய்விலிருந்துதான் தொழில் பிறக்க வேண்டும்.

காரைக்குடிப் பக்கத்தில் இதைப் பேசுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொருள் இருக்கிறது: கொட்டான். பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயமேற்றி, ஈரப்பதம் போகாமல் பின்னுகிற சிறு கூடை. நகரத்தார் வீடுகளில் கல்யாணத்துக்கும் சீருக்கும் வேண்டியது. அதற்கு மணி கோப்பது, குரோஷா நூலில் மூடி போடுவது எல்லாம் ஆச்சிகளின் கைவேலை. வீட்டு ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி செய்த காலத்தில், பெரிய வீடுகளின் நீண்ட பகல்களில் பின்னப்பட்டவை. நகரத்தார் பெண்களின் உறவுமுறையையும் சொத்துரிமையையும் பற்றி ஜப்பானிய மானிடவியலாளர் யூகோ நிஷிமுரா 1998இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அதைப் படிக்கையில் எனக்குத் தோன்றியது, கொட்டான் பொழுதுபோக்காக இருக்க முடிந்ததற்குச் சீதனம் என்ற அடித்தளம் இருந்தது என்பதுதான். விற்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் பின்னினார்கள். அதனால்தான் அவ்வளவு நுணுக்கமாகவும் பின்னினார்கள்.

எனக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தவர் அப்படி ஓர் ஆச்சி. அவர் வீட்டில் என் அம்மா சமையலுக்கு இருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டாம் கட்டில் பாய் விரித்து ஆச்சி பின்ன உட்காருவார். ஓலை கிழிப்பதும், சாயத்தண்ணீர் கொதிக்கவைப்பதும், ஓலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவைப்பதும் அம்மா. கல்யாண மாதங்களில் அம்மாவின் விரல்நுனிகள் சாந்துச் சிவப்பாக இருக்கும். "சும்மா உக்காந்தா பொழுது போகணும்ல" என்பார் ஆச்சி. அவரளவில் அது உண்மை. ஒரே பாய், ஒரே கூடை. ஒருவருக்குப் பொழுது போனது, இன்னொருவருக்கு வேலை நேரம் நீண்டது. அம்மாவின் சம்பளம் சமையலுக்கு மட்டும்தான். ஆச்சி கெட்டவர் இல்லை. என் பள்ளிக் கட்டணத்தை இருமுறை கட்டியவர். கொட்டான் ஒரு வேலை என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அதைச் செய்த அம்மா உட்பட.

பின்னத் தெரிந்தவர்கள் சில முதியவர்களாகக் குறைந்துபோன நிலையில், விசாலாட்சி ராமசாமி தம் பண்பாட்டு அறக்கட்டளை வழியாகக் கிராமத்துப் பெண்களுக்குக் கொட்டான் கலையைப் பயிற்றுவித்தார். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இது சாதாரணக் காரியமில்லை. ஆச்சிகளின் மடியில் முடிந்திருக்கவேண்டிய ஒன்று வேறு கைகளுக்குப் போய்ப் பிழைத்தது. ஆனால் குறியீடு காப்பது ஊர்ப்பெயரை. 2019இல் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் அது வந்தது. பின்னுகிறவருக்கோ, தறிக்கு நூல் சுற்றித் தருகிற பெண்ணுக்கோ மணிக்கு என்ன கூலி என்று எந்தக் குறியீடும் சொல்லாது.

கூலியைப் பற்றிப் பேச எனக்கு உதவிய நூல் மரியா மீஸ் எழுதிய 'நர்சாப்பூரின் லேஸ் பின்னும் பெண்கள்'. 1982இல் ஆங்கிலத்தில் வந்தது. ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில், மிஷனரிகள் கற்றுத்தந்த குரோஷா லேஸ் எப்படி உலகச் சந்தைக்கான ஏற்றுமதித் தொழிலாயிற்று என்பதை மீஸ் பின்தொடர்கிறார். அந்தப் பெண்கள் வீட்டு வேலை போக நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள். வியாபாரிகளும் ஏற்றுமதியாளர்களும் அவர்களைத் தொழிலாளர்கள் என்று ஒருபோதும் அழைக்கவில்லை. அவர்கள் இல்லத்தரசிகள், ஓய்வில் ஏதோ பின்னுகிறார்கள். இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது, கூலியை வாழமுடியாத அளவுக்குக் கீழே வைக்க. வயலுக்குப் போன தலித் பெண்களின் கூலி லேஸ் பின்னியவர்களின் வருமானத்தைவிட அதிகம். ஆனாலும் வெயிலில் போய் நிற்காமல் வீட்டுக்குள் இருப்பது சாதிப் பெருமையாக இருந்ததால், லேஸ் பின்னியவர்களே அந்த வாக்கியத்தை நம்பினார்கள். நான் இந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என் நூல்கண்டை எடுத்துப் பார்த்தேன்.

பிரிட்டனில் ரோசிகா பார்க்கர் 1984இல் எழுதிய தையல் பற்றிய நூலும் பக்கத்தில் வைக்கத் தக்கது. பூத்தையல் பெண்மையின் அடையாளமாக எப்படி ஆக்கப்பட்டது என்பது அவர் கேள்வி. நம் ஊரில் இதற்குச் சமையலைப் பார்த்தாலே போதும். அடுப்பங்கரையில் பெண் செய்யும்வரை அது கைப்பக்குவம். கல்யாண மண்டபத்தில் ஆண் செய்தால் அவர் மாஸ்டர், முன்பணம் வாங்காமல் கரண்டியைத் தொடமாட்டார். ஆசையாகச் செய்கிறீர்களா, தொழிலாகச் செய்கிறீர்களா என்று அவரை யாரும் கேட்பதில்லை.

பணத்துக்காகச் செய்தால் ஆசை செத்துவிடும் என்று எச்சரிப்பவர்கள் உண்டு. என் கல்லூரித் தோழிகள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கவலை முதலில் வருவது, ஆசையை ஆசையாகவே வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்களுக்கு. என் அம்மாவுக்கு அப்படியொரு கவலை வந்ததே இல்லை.

நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்குத் தாம்பூலப் பைக்குப் பதிலாகக் கொட்டான் கொடுக்கலாம் என்று ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. 200 எண்ணம், குரோஷா மூடியோடு, ஒன்று 150 ரூபாய். பள்ளி வேலையை விட்டுவிட்டு இதையே செய்யேன் என்றார்கள் வீட்டில். கடிகாரத்தை வைத்து ஒன்று பின்னிப் பார்த்தேன். ஓலை தயார்செய்வதிலிருந்து மூடி வரை ஐந்து மணி நேரம். ஓலை, சாயம், நூல் 40 ரூபாய். மிச்சம் 110, மணிக்கு 22 ரூபாய். எட்டு மணி நேரம் நிமிராமல் உட்கார்ந்தால் 176 ரூபாய். 2024-25இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 319 ரூபாய். நர்சாப்பூரின் கணக்கு நாற்பது ஆண்டு கழித்து என் மேசைமேல் இருந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே 177ஆம் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதில் இன்னும் இணையவில்லை. எனவே கூலியை நிர்ணயிக்க வேண்டியவள் நான்தான், ஒரு பழைய ரூல் நோட்டை வைத்துக்கொண்டு. நூறுநாள் வேலைக் கூலியை எட்டால் வகுத்து மணிக்கு 40 ரூபாய் என்று வைத்தேன். கைத்திறனுக்கு என்று தனியாக ஒன்றும் சேர்க்கவில்லை. ஒரு கொட்டான் 240 ரூபாய் ஆயிற்று.

வந்த குடும்பத்தில் பெரியவராக இருந்த அம்மாள், "ஆசைக்குப் பண்றதுக்கு இம்புட்டா கேக்குறே?" என்றார். கோபமாக இல்லை, உண்மையாகவே வியந்துதான் கேட்டார். ஐந்து மணி நேரக் கணக்கை அவரிடம் காட்டினேன். நோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசியில் நெருங்கிய உறவினர்களுக்கு மட்டும் என்று 40 எண்ணத்துக்கு ஒத்துக்கொண்டார்கள், மற்றவர்களுக்குத் துணிப்பை.

பள்ளி வேலையை விடவில்லை. 40 கொட்டான் என்றால் 200 மணி நேரம். எந்த நாள் எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், நடுவில் எதற்காக எழுந்தேன் என்று எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை 17 முடிந்திருக்கிறது.