எட்டு மதிப்பெண் திறனாய்வு

இங்கிலாந்து மாணவர்கள் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. ஆங்கில மொழித் தேர்வில், ஏ.க்யூ.ஏ. வாரியத்து முதல் தாளின் இரண்டாம் வினா பார்வைக்கு எளியது. புனைகதைப் பகுதி ஒன்றிலிருந்து சில வரிகளைத் தனியே அச்சிட்டுத் தந்து, ஒரு காட்சியையோ மாந்தரையோ விவரிக்க எழுத்தாளர் மொழியை எவ்வாறு பயன்படுத்துகிறார் என்று கேட்கிறது. மதிப்பெண் 8. ஒன்றே முக்கால் மணி நேரத் தாளில் இதற்கு ஒதுக்க முடிவது பத்துப் பன்னிரண்டு நிமிடம். இலக்கியத் திறனாய்வை வாழ்நாளில் வேறெங்கும் தொடப்போகாதவரும் அதன் மையக் கேள்வியை ஒருமுறை சந்தித்தே தீரவேண்டிய இடம் இது. ஆகவே பள்ளிக்கூடச் சமாச்சாரம் என்று இதை ஒதுக்காமல், ஒரு திறனாய்வு முறையாகவே எடைபோடலாம்.

வினாவின் குலம் உயர்ந்தது. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு ஆசிரியர் பெயர் நீக்கிய கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததை ஆராய்ந்து 1929இல் ‘பிராக்டிகல் கிரிடிசிசம்’ நூலை வெளியிட்டார். நூலில் இடம்பெற்ற கவிதைகள் 13. பெயரும் புகழும் விலகிய பின் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதே அவர் சோதனை. 2015இல் பாடமாகி 2017இல் முதன்முறையாகத் தேர்வுக்கு வந்த இந்தத் தாள், அந்தச் சோதனையைப் பெருந்திரளான மாணவர்களுக்கு விரித்திருக்கிறது. முன்பின் பார்த்திராத பகுதி என்பதால் மனப்பாடக் குறிப்பு எடுபடாது. பகுதி சொல்லும் செய்தியைத் திருப்பிச் சொல்வதும் விடையாகாது. ‘எவ்வாறு’ என்ற சொல் அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. நம் பள்ளிகளின் அணி வினாவோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு தெரியும். அங்கே அணியின் பெயர், இலக்கணம், செய்யுளோடு பொருத்தம் என்ற அளவில் விடை நிறைவுபெறுகிறது. இங்கே அந்தப் புள்ளியில்தான் விடை தொடங்க வேண்டும்.

குறை வினாவுக்குக் கீழே இருக்கிறது. சொற்களும் சொற்றொடர்களும், மொழிக்கூறுகளும் உத்திகளும், வாக்கிய வடிவங்கள் என்று மூன்று குறிப்புகள் அங்கே தரப்படுகின்றன. இவற்றைச் சேர்க்கலாம் என்றுதான் வினாத்தாள் சொல்கிறது. பதற்றத்தில் இருக்கும் மாணவர் கண்ணுக்கு அது மூன்றையும் சேர்த்தாக வேண்டும் என்ற கட்டளை. விளைவு, பிரதியைப் படிக்குமுன்பே தேடவேண்டியவை முடிவாகிவிடுகின்றன. உருவகம் ஒன்று, மோனை ஒன்று, குறுவாக்கியம் ஒன்று என்று வலைபோட்டுப் பிடித்த பிறகே வாசிப்பு ஆரம்பிக்கிறது. வாசிப்பைக் கெடுக்கும் பத்து இடர்ப்பாடுகளை ரிச்சர்ட்ஸ் பட்டியலிட்டார். நுட்பக்கூறுகளைப் பற்றிய முன்முடிவுகளோடு கவிதையை அணுகுவது அவற்றில் ஒன்று. எந்த முறையிலிருந்து இந்த வினா பிறந்ததோ, அந்த முறை நோயென்று அடையாளம் காட்டியதையே வினாத்தாள் வழித்துணையாக அனுப்பி வைக்கிறது.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ (1852–53) தொடக்கத்தை இப்படியொரு வினாவுக்கான பகுதியாக வைத்துப் பார்க்கலாம். ஊர்ப்பெயர் மட்டுமே முதல் வாக்கியம். பிறகு சேறு, புகை, மூடுபனி. மூடுபனி ஆற்றின் மேல்திசையிலும் கீழ்த்திசையிலும் பரவி, மனிதர் தொண்டைக்குள்ளும் புகுந்து, அதன் நடுமையத்தில் சான்சரி நீதிமன்றத்தை நமக்குக் காட்டுகிறது. பயிற்சிபெற்ற மாணவர் ‘மூடுபனி’ திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, ‘கூறியது கூறல் மூடுபனியை வலியுறுத்துகிறது’ என்று எழுதுவார். பிழையில்லை, பயனும் இல்லை. வானிலை மனநிலையைப் பிரதிபலிக்கிறது என்று கண்டதும் ‘பதெட்டிக் ஃபாலசி’ என்ற கலைச்சொல்லைப் பாராட்டாகச் சூட்டுவார். 1856இல் ஜான் ரஸ்கின் இதை ஒரு வழுவின் பெயராகத்தான் படைத்தார் என்பது வகுப்பறையில் யாருக்கும் உறுத்துவதில்லை.

அந்தப் பகுதியின் உண்மையான துணிச்சல் அதன் இலக்கணத்தில் இருக்கிறது. தொடக்கப் பத்திகளில் பெரும்பாலான வாக்கியங்களுக்குத் தலைமை வினைமுற்றே கிடையாது. வினைகள் முற்றுப்பெறாத வடிவில் அடுக்கடுக்காக வருகின்றன. எதுவும் நடந்து முடிவதில்லை. இதைக் கவனித்த மாணவர் ‘தேக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சொன்னாலே வாசிப்பு கூர்மையாகிவிடும். ஆக, ‘வாக்கிய வடிவங்கள்’ என்ற மூன்றாம் குறிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். மூன்றிலும் வளமானது அதுவே. ஆனால் ‘குறுவாக்கியம் பதற்றத்தை உண்டாக்குகிறது’ என்ற வாய்ப்பாடாக அது வகுப்பறையில் சுருங்கிவிட்டது. முதல் வாக்கியம் குறுகியதுதான், அதில் பதற்றம் எங்கே?

இன்னொரு வரம்பும் இங்கே தெரிகிறது. அந்த முற்றுப்பெறாத வினைகளுக்கு முழுப் பொருள் கிடைப்பது நாவலின் ஜார்ன்டைஸ் வழக்கை அறிந்தவருக்கே; சொத்து முழுவதும் செலவிலேயே கரைந்ததால்தான் அது முடிவுக்கு வருகிறது. வெட்டியெடுத்த வரிகளில் அந்த ஒத்திசைவுக்கு இடமில்லை. இதைத் தேர்வின் தவறாகக் கொள்வது நியாயமாகாது. துண்டுப் பகுதி எதற்கும் உள்ள எல்லை அது. மொழியை இரண்டாம் வினாவிலும் கட்டமைப்பை மூன்றாம் வினாவிலும் தனித்தனியே 8 மதிப்பெண்ணுக்குப் பிரித்ததோ தேர்வே தேர்ந்துகொண்ட கோட்பாட்டுப் பிளவு. வாக்கிய வடிவம் மொழியைச் சேருமாம், பகுதியின் நகர்வு கட்டமைப்பைச் சேருமாம். டிக்கன்ஸிடம் இரண்டும் ஒரே செயல்.

மதிப்பீட்டு வழிகாட்டியைக் குறைசொல்வோர் அதை முழுதும் படிப்பதில்லை. நான்கு நிலைகளிலும் முதலிடம் பெறுவது எழுத்தாளரின் சொல்தேர்வு உண்டாக்கும் விளைவைப் பற்றிய பேச்சு, அடுத்தது சான்று, கலைச்சொல் கடைசியில்தான் வருகிறது. உத்தியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகரும் விடை கீழ்நிலையைத் தாண்டாது. வரிசை சரியானது. சிக்கல் ‘விளைவு’ என்பதை எதைக்கொண்டு சரிபார்ப்பது என்பதில். 1973இல் ஸ்டான்லி ஃபிஷ் நடையியலாளர்கள்மீது வைத்த குற்றச்சாட்டு இங்கே அப்படியே பொருந்தும்: வடிவக்கூறு ஒன்றைக் கண்டதும், இடையில் எந்த நியாயமும் காட்டாமல், அதன் பொருள் இன்னது என்று அறிவித்துவிடுகிறார்கள். கருத்து, சான்று, விளக்கம் என்று பள்ளிகள் புகட்டும் மூன்றடி வாய்ப்பாடு இந்தத் தாவலை ஒழுங்குபடுத்துகிறது, நியாயப்படுத்துவதில்லை. ‘வாசகரை மேலும் படிக்கத் தூண்டுகிறது’ என்ற வரி எந்தப் பிரதிக்கும் ஒட்டும். எந்தப் பிரதிக்கும் ஒட்டும் வரி எந்தப் பிரதியையும் விளக்கவில்லை.

கலைச்சொல்லே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. பரிமேலழகர் ஓர் உம்மையைச் சிறப்பும்மை என்று குறிக்கும்போது, பெயரிடுவதும் விளக்குவதும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த இடைச்சொல் நீங்கினால் குறள் எதை இழக்கும் என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. கலைச்சொல் வாசிப்பின் விளைவாக வந்தால் துல்லியம், வாசிப்புக்குப் பதிலாக வந்தால் பாவனை. எட்டுக்கு ஏழு வாங்கும் விடைகளுக்கும் ஐந்தில் நிற்பவற்றுக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் இதுதான். பத்து நிமிடத்தில் ஒரே ஒரு சொல்லை எடுத்து, அதன் இடத்தில் வேறொன்றை வைத்துப் பார்த்து, என்ன கெடுகிறது என்று சொல்லும் மாணவரை இந்த வழிகாட்டி மேல்நிலைக்கு அனுமதிக்கிறது. மேல்நிலை பல சான்றுகளை எதிர்பார்ப்பதால், தயங்கித் தயங்கித்தான் அனுமதிக்கிறது.

என் தீர்ப்பு: வினா நிற்கட்டும், இதைவிட நேர்மையான வினாவைப் பள்ளித்தேர்வுகளில் காண்பது அரிது. மொழி, கட்டமைப்புப் பிரிவினை கோட்பாட்டளவில் பலவீனமானது, ஆனால் மதிப்பெண் பங்கீட்டு வசதிக்காகப் பொறுத்துக்கொள்ளக்கூடியது. மூன்று குறிப்புகளை நீக்கிவிட வேண்டும். அவை இல்லாவிட்டால் மாணவர் தடுமாறுவார் என்ற வாதத்துக்கு வாரியமே பதில் வைத்திருக்கிறது: அதே தேர்வின் இரண்டாம் தாளில் மூன்றாம் வினா இதே திறனை 12 மதிப்பெண்ணுக்குச் சோதிக்கிறது, அதன் கீழே எந்தக் குறிப்பும் இல்லை.